விருதுப் பட்டியலில் மைமூன் லாத்தாவின் வீடு

தொலைக்காட்சியில் கதாநாயகி தேம்பித் தேம்பி அழுகிறாள். மைமூன் லாத்தா அவளைப் பார்ப்பதே இல்லை. அவளுக்குப் பின்னால் நிற்கும் கண்ணாடி அலமாரியைத்தான் பார்க்கிறார்.

"மூணாவது தட்டப் பாருங்க லா. பூப்போட்ட கிளாஸு ஆறு இருக்கணும். அஞ்சுதான் இருக்கு. எவனோ தண்ணி குடிக்க எடுத்திருக்கான்."

அலமாரி அவருடையது. கிளாஸும் அவருடையது. கதாநாயகி முகம் புதைத்து அழும் சோபா மெத்தைக்கு உறை தைத்ததும் அவர்தான். குவீன்ஸ்டவுனில், நாலாவது மாடியில், தாழ்வாரத்தின் கடைக்கோடியில் இருக்கிறது அந்த மூவறை வீடு. இதுவரை மூன்று தொலைக்காட்சி நாடகங்கள், ஐந்து குறும்படங்கள், ஒரு முழுநீளப் படம் அங்கே எடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் தமிழ்ப் படம் எடுக்கிறவர்களுக்கு அரங்கம் போட வசதி ஏது? யாராவது வீடு கொடுத்தால்தான் கதையில் குடும்பம் இருக்கும். இல்லாவிட்டால் மாமியாரும் மருமகளும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சிமெண்ட் மேசையில் உட்கார்ந்துதான் சண்டை போட வேண்டும்.

லாத்தா என்றால் அக்கா. நாகூர்ப் பக்கத்து வழக்கம். பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா' இந்த ஊர் வழக்கம். படக்குழுவில் யாருக்கும் அவர் சொந்தமில்லை, ஆனால் முதல் நாள் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் இயக்குநர் முதல் விளக்குத் தூக்குகிறவர் வரை அவருக்குத் தம்பி தங்கைகள் ஆகிவிடுவார்கள்.

தொழில் தையல். தேக்கா சந்தை மாடியில் ஒரு கடையில் உடை திருத்துகிறார். முக்காட்டின் ஓரத்தில் எப்போதும் நாலு குண்டூசிகள் மின்னும். ஆளைப் பார்த்ததும் முகத்துக்கு முன் தோள் அளவுதான் அவர் கண்ணில் படும். ஒருமுறை பணக்கார மாமியாராக நடிக்க வந்த அம்மா வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். லாத்தா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "இவ்ளோ பெரிய பணக்காரி, தோள்பட்டைய இப்படித் தொங்கப் போட்டா நிப்பா? கழட்டிக் குடுங்க, அஞ்சு நிமிஷம்." படப்பிடிப்பு இருபது நிமிடம் நின்றது. ஆனால் அந்த ரவிக்கை! பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டு விஷயத்தில் அவர் கோபப்பட்டு, படக்குழுக்களோடு வந்துபோகும் நான் பார்த்ததில்லை. கோபத்தை விடப் பயங்கரமான ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரு ஒளிப்பதிவாளர் சுவரில் டேப் ஒட்டி, உரிக்கும்போது சாயமும் சேர்ந்து வந்துவிட்டது. மறுநாள் லாத்தா அதே நிறத்தில் ஒரு சின்னச் சாய டப்பாவும் பிரஷும் அவர் கையில் கொடுத்தார். "டீ குடிச்சிட்டு அடிச்சிடுங்க தம்பி." அடித்தார். காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சும் அடித்தார்.

தரையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைப்பார். விளக்கு சுவிட்சுகளைக் காது குடையும் பஞ்சால் சுத்தம் செய்வார். அந்த வீட்டில் அவர் தோற்றது ஒரே ஒரு இடத்தில். சோபாவுக்கு மேலே, சுவரில், ஓர் ஆள் தலை அளவுக்கு மங்கலாக ஒரு கறை. அவர் கணவர் அப்துல் அலீம் பாய் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். லாத்தா துடைப்பார். பாய் சாய்வார். முப்பத்திரண்டு வருடப் போர் இது.

போன வருடம் அங்கே எடுத்த முழுநீளப் படம் 'ஈரச் சுவர்'. குடிகார அப்பாவால் சீரழியும் குடும்பத்தின் கதை. பதினோரு நாள் படப்பிடிப்பு. குழுவுக்குச் சாப்பாடு வாங்கி வந்தது நான்தான். ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடி, ஒரே ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டு எடுத்தார்கள். மூத்த மகளாக நடித்தவர் ரபியா. இரவல் தையல் இயந்திரத்தில் தம்பியின் பள்ளிச் சட்டையைத் தைத்துக்கொண்டே, அழாமல், உடைந்துபோகும் ஒரு காட்சி. துணியை எப்படிப் பிடிப்பது, நூலை எப்படிப் பல்லால் கடிப்பது என்று மூன்று மதியங்கள் சொல்லிக் கொடுத்தவர் லாத்தா. படம் பார்த்தபோது அந்த ஒரு காட்சியில்தான் லாத்தா அலமாரியைப் பார்க்கவில்லை. ரபியாவைப் பார்த்தார். முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன்.

அதனால் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கான அங்சானா விருதுகளின் பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் வியாழக்கிழமை, லாத்தா அரைநாள் விடுப்பு எடுத்துவிட்டார். ரபியாவுக்குச் சிறந்த நடிகைப் பட்டியலில் இடம் நிச்சயம் என்று சந்தை மாடி முழுக்கச் சொல்லியிருந்தார். உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பொரித்து வைத்திருந்தார். என் கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து நேரலையைப் போட்டோம்.

சிறந்த நடிகை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"இரு, ஆறாவது பேரு வரும்" என்றார் லாத்தா.

"அஞ்சுதான் லாத்தா."

"சும்மா இரு லா. சரியாப் பாரு."

பார்த்தேன். இல்லை. மூன்றே காட்சியில் வந்து சிரித்துவிட்டுப் போன ஒருவரின் பெயர்கூட இருந்தது. ரபியா இல்லை! சிறந்த படம், சிறந்த இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு... எதிலும் 'ஈரச் சுவர்' இல்லை. பாய் டிவி போட ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் கடைசிப் பிரிவு வந்தது.

"சிறந்த கலை இயக்கம். 'ஈரச் சுவர்'. அண்ணாதுரை."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எந்த அண்ணாதுரை?" என்றார் லாத்தா.

"நம்ம அண்ணாதுரைதான். வேன் ஓட்டுனானே."

"அவனா? அவன் என்னா பண்ணான்?"

யோசித்துப் பார்த்தேன். சுவர்க் காலண்டரை ஜூன் மாதத்துக்குத் திருப்பி வைத்தான். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நடந்தது இதுதான்: விருதுக்குப் படம் அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து படம் எடுக்கும் எங்களைப் போன்ற குழுக்களில் கலை இயக்குநர் என்று யாரும் இருப்பதில்லை. தயாரிப்பாளர், பக்கத்தில் நின்ற அண்ணாதுரையின் பெயரைப் போட்டுவிட்டார். எல்லாரும் செய்வதுதான். இதற்கு முன் அந்தக் கட்டத்தை யாரும் படித்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் அது நம் வீடு இல்லையா! நான் துள்ளிக் குதித்தேன். நடுவர் குறிப்பை உரக்கப் படித்தேன், வேகவேகமாக, என்ன படிக்கிறேன் என்றே யோசிக்காமல்:

"'தோற்றுப்போன ஒரு குடும்பத்தின் அழுக்கையும் வறுமையையும் துளியும் மிகையில்லாமல் உருவாக்கிய அரங்கம். குறிப்பாக, தலைமுறைகளின் வீழ்ச்சியைச் சொல்லும் அந்தச் சுவர்க்கறை.'"

அலீம் பாய் மெதுவாகத் தலையைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"வீழ்ச்சியா? அது தேங்கா எண்ண லா."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. லாத்தாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அழுக்குன்னா போட்டிருக்கு? இன்னொரு தடவ படி."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவர் எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அலமாரியின் உச்சியில், யார் கண்ணுக்கும் தெரியாத பலகையில், ஆள்காட்டி விரலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தார். இறங்கி வந்து விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"காட்டு. இதுல எங்க இருக்கு?"

விரல் சுத்தமாக இருந்தது. கறிபாப்பை யாரும் தொடவில்லை.

மறுநாள் விருதுக் குழுவின் இணையப் பக்கத்தில் வீட்டின் படம் வந்துவிட்டது. அதே கூடம், அதே சோபா, அதே மஞ்சள் வெளிச்சம். கீழே 'வறுமையின் முகம்' என்று கொட்டை எழுத்து. சந்தை மாடியில் பக்கத்துக் கடை கண்மணி அதைப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார்: "மைமூன், இது உங்க வூடுதானே? பெருநாளுக்கு வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு. என்னாச்சு? எதாச்சும்னா சொல்லக் கூடாதா?"

அன்று சாயங்காலமே லாத்தா, அடுத்த மாதம் வருவதாக இருந்த நாடகக் குழுவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "இனிமே என் வூட்டுல ஷூட்டிங் கெடையாது. வேற எடம் பாருங்க." கூடத்தில் நின்று இதைக் கேட்ட எனக்கு யாரோ என் வீட்டுக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

சனிக்கிழமை காலை அண்ணாதுரை வந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்றான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், பாதியாகக் குறுகியிருந்தான்.

"வாங்க, கலை இயக்குநரே" என்றார் லாத்தா. "உங்க வூடுதானே. உள்ள வாங்க."

"லாத்தா, அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன். இப்படிப் பேசாதீங்க." உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். "எனக்கே பட்டியலப் பாத்துதான் தெரியும். விழாவுல மாட்ட நான் வரைஞ்ச டிசைன் எல்லாம் அனுப்பச் சொல்றாங்க. நான் எங்க போவேன்? எங்கம்மா வாசல்ல போடுற கோலத்தக்கூட நான் தொட்டதில்ல."

பாய் சிரிப்பை அடக்கப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

"ஒரு பெரிய கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டாங்க. செட்டு போடுற வேல. எவ்ளோ நாளா இந்த மாதிரி ஒண்ணுக்கு அலைஞ்சேன்னு இவன் சொல்லுவான்." என்னைக் காட்டினான். "நேத்து ஃபோன் பண்ணி, நான் வேன் ஓட்டுனவன்னு சொல்லிட்டேன்."

லாத்தா அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். விருதுக் குழுவுக்கு எழுதிய கடிதம். வீட்டை இப்படி அமைத்தது தான் இல்லை, வீட்டுக்காரர் மைமூன் பீவி. பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும். அதைச் சரி என்று லாத்தா ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் போடாவிட்டால், டிசைன் எதுவும் காட்ட முடியாத படத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"நீக்கட்டுமே" என்றார் லாத்தா. "நான் என்னாத்த அமைச்சேன்? இருந்தேன். முப்பத்திரெண்டு வருஷமா இருந்தேன்."

"அந்தப் படத்துக்குக் கெடச்சது இது ஒண்ணுதான் லாத்தா. ரபியா அக்கா கூப்பிட்டாங்க. 'எனக்கு இல்லாட்டி என்னா, லாத்தா வூடாச்சும் இருக்கே'ன்னாங்க."

லாத்தா கடிதத்தை வாங்கினார். ஒருமுறை படித்தார். இன்னொரு முறை, துணியின் தையலைச் சோதிப்பது போல, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"மச்சான்" என்று கணவரைக் கூப்பிட்டார். "இதுல கையெழுத்துப் போட்டா, அந்த அழுக்கு வூடு எனக்குச் சொந்தம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

பாய் பேப்பரை மடித்தார். "போடாட்டி, நம்ம வூட்டுல யாருமே இல்லாத மாதிரி."

அண்ணாதுரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே விளையாட்டுத் திடலிலிருந்து குழந்தைகளின் கூச்சல் கேட்டது. லாத்தா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.

கடிதத்தின் அடியில் இரண்டு கோடுகள்தான் இருந்தன. முதல் கோட்டில் பெயரை எழுதினார். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார். அண்ணாதுரை தாளுக்குக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. தாளைத் தன் பக்கம் இன்னும் இழுத்து, கையெழுத்துக்குக் கீழே, கோடே இல்லாத வெற்றிடத்தில், யாரும் கேட்காத புளோக் எண்ணையும், தெருப் பெயரையும், நாலாவது மாடி வீட்டு எண்ணையும், அஞ்சல் எண்ணின் ஆறு இலக்கங்களையும் அழுத்தி அழுத்தி எழுதினார்.