தங்க நிற முகப்பு

தனத்திடம் வெண்டைக்காய் விற்றுப் பிழைப்பது கஷ்டம். நுனியை ஒடித்துப் பார்க்காமல் ஒரு காயைக்கூட எடுக்க மாட்டாள். புடவை என்றால் ஓரத்து நூலை உருவிப் பார்ப்பாள். அரிசி என்றால் நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வாழ வந்த நாளிலிருந்தே அப்படித்தான். கணவர் முருகையன் சாது. சின்னதாக ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தவர். அந்த மெஸ் இருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் எழும்பியதற்குத் தனம்தான் காரணம் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். அப்படிப்பட்டவள், லாட்ஜின் முகப்பை மாற்றும்போது மட்டும் எதையும் ஒடித்துப் பார்க்கவில்லை. வேலையைச் செய்தது கூடப்பிறந்த தம்பி. தம்பியை யார் ஒடித்துப் பார்ப்பார்கள்?

எல்லாம் ஒரு பௌர்ணமி சாயங்காலம் ஆரம்பித்தது. கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. லாட்ஜ் வாசலில் இளநீர் விற்கிறவர், காய் வெட்ட நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்த மாத்திரத்தில் இரண்டாம் மாடிச் சுவரில் ஒட்டியிருந்த கல் டைல்ஸ் ஒன்று பெயர்ந்து, அந்த நாற்காலியின் மேலேயே விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாகப் பிளந்தது. அவர் கையில் அரிவாளோடு அதைப் பார்த்தபடி நின்றார். தனம் அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டாள்.

மறுநாளே தம்பி இளஞ்செழியன் கலர் மாதிரிகளைச் சாவிக்கொத்துபோல் கோர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கட்டடங்களின் முகத்துக்கு அலுமினிய ஷீட் போடுவது அவன் தொழில். அந்தத் தெருவில் நீலமும் சிவப்புமாக மினுக்குகிற லாட்ஜ்களில் பாதிக்கு மேல் அவன் கைவேலைதான்.

"ஏன் விழுந்துதுன்னு பாக்க வேணாமா?" என்றார் முருகையன்.

"பசை விட்டுப்போச்சு மாமா. வேற இன்னா?"

"அப்போ மீதி இருக்கற டைல்ஸு?"

"அதைக் கழட்டிகினு உக்காந்தா தீபமே முடிஞ்சுடும். அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும். மேல பிரேம் அடிச்சு ஷீட்டைப் போட்டுட்டா கண்ணுக்கே தெரியாது."

தனம் கேட்டது இரண்டே கேள்வி. எந்தக் கலர் எடுப்பாக இருக்கும்? தீபத்துக்கு முன்னால் முடியுமா? தங்க நிறம் என்றும், முடியும் என்றும் பதில் வந்தது. மாடிப்படி ஜன்னல்கள் முகத்தைக் கெடுக்கின்றன, அவற்றையும் சேர்த்து மூடிவிடலாம் என்று அவன் சொன்னதற்கும் தலையாட்டினாள். பாம்புக்கு வீடு பார்த்துக் கொடுப்பதுபோன்ற காரியம் செய்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வேலை முடிந்தது. வெயில் பட்டால் கண் கூசியது. போகிற வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். தனம் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், வாசலில் கண்திருஷ்டி பொம்மை கட்டினாள். உள்ளே மாடிப்படி மட்டும் பட்டப்பகலிலும் இருண்டு கிடந்தது. கீழே சாம்பார் தாளித்தால் வாசனை மொட்டை மாடிக் கதவு வரைக்கும் ஏறி, போக வழியில்லாமல் அங்கேயே நின்றது.

"யம்மா, படியில மூச்சு முட்டுது," என்றாள் ரூம் கூட்டுகிற உண்ணாமலை.

"லைட்டைப் போட்டுக்கடி," என்றாள் தனம்.

மூச்சு முட்டுகிறது என்பதற்கு லைட்டைப் போடு என்பது என்ன பதில்? தனத்துக்கே பிற்பாடு அது நினைவுக்கு வரும்போதெல்லாம் உடம்பு கூசும்.

கார்த்திகை பிறந்தது. மாதம் முழுக்க வாசலில் விளக்கு வைக்கிற ஊர். புதுக் கிரானைட் படியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறக்கூடாது என்று உண்ணாமலை, வெட்டிப் போட்ட ஷீட் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் அகலை வைத்தாள். தீபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காற்று கொஞ்சம் ஜாஸ்தி. அகல் கவிழ்ந்தது. எண்ணெயோடு எரிந்த திரி உருண்டு தகட்டின் வெட்டு விளிம்பில் போய் நின்றது.

தனம் கல்லாவிலிருந்து பார்த்தாள். முதலில் தகடு சுருண்டது. மேலேயும் கீழேயும் காகிதம்போல் அலுமினியம், நடுவில் கறுப்பாக ஏதோ பிளாஸ்டிக். அந்தக் கறுப்பு உருகிச் சொட்டியது. சொட்டிய ஒவ்வொரு துளியும் எரிந்துகொண்டே விழுந்தது. உண்ணாமலை துடைப்பத்தால் அடித்தாள். துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயும் எரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு மிதித்த பிறகுதான் அணைந்தது. கறுப்புப் புகை வாசலை விட்டுப் போகவே இல்லை.

தனம் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். அடியிலிருந்து உச்சி வரைக்கும் அதே தகடு.

இளஞ்செழியன் வந்தான். கருகிய துண்டைக் காலால் புரட்டினான்.

"அக்கா, ஊர்ல எல்லாரும் இதான் போட்டுகினு இருக்காங்க. செவுத்துல இருக்கற ஷீட்டுக்கு எவனாவது நெருப்பு வெப்பானா?"

"எந்த ஊர்ல நின்னுகினு கேக்கற?" என்றாள் தனம்.

அவன் மலைப்பக்கம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"எரியாத ஷீட்டுன்னு ஒண்ணு இல்லியா?"

"இருக்குது. சீக்கிரத்துல நெருப்பு பத்தாது."

"அதை ஏன்டா போடல?"

"நீ கேக்கலியே அக்கா. நீ கலர்தான கேட்ட."

பொய் என்றால் தனம் திட்டியிருப்பாள். அது நிஜம்.

உடனே கழற்றச் சொன்னாள். ஆளெல்லாம் தீபத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், முடிந்ததும் பார்க்கலாம் என்றான். மாடிப்படி ஜன்னலையாவது திற என்றாள். முகப்பு அசிங்கமாகிவிடும், இதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வருகிறது என்றான். அவன் போனதும் தனம் கடப்பாரையை எடுத்தாள். முருகையன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, படியோரத்தில் ஜன்னல்களை மூடியிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக நெம்பித் தள்ளினாள். தங்க முகத்தில் மூன்று பொத்தல் விழுந்தது. தெருவில் போன ஒருவர், "பைத்தியம் புடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டே போனார்.

ரூமில் தங்கியிருந்தவர்களை மொட்டை மாடிக்குப் போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். பெங்களூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் மாடியில் நின்று தீபம் பார்க்கவே வந்தவர்கள், சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். இந்த வருஷம் லாட்ஜில் ஒரு விளக்குகூட எரியக்கூடாது. தம்பியிடமும் போனில் சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடு என்றாள். அவன் குடும்பம் வருஷாவருஷம் அந்த மாடிக்குத்தான் வரும். "உம்" என்றான்.

தீபத்தன்று பொழுது சாய்ந்தது. தெருவே மலையைப் பார்த்து நின்றது. தனம் ஒருத்திதான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் லாட்ஜைப் பார்த்து நின்றாள். உச்சியில் தீபம் ஏறியதை அவள் பார்க்கவில்லை. லாட்ஜ் மாடியில் இருந்தவர்கள் கைகூப்பியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்ற சத்தம் தெருவை நிறைத்தது. அடுத்த கணம் வீடு வீடாக விளக்குகள் முளைத்தன. அவள் லாட்ஜ் மட்டும் இருட்டாக நின்றது.

அப்போது இரண்டாம் மாடி ஜன்னல் விளிம்பில் ஒரு கை நீண்டது. ஒரே ஓர் அகலை வைத்துவிட்டு உள்ளே போனது.

தனம் கத்தினாள். அரோகராவில் அவள் குரலை யாரும் பிரித்துக் கேட்கவில்லை. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுடர் காற்றில் சாய்ந்து, தகட்டின் இணைப்புக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அதற்கு ஒரு மாடி மேலே, யாரும் விளக்கு வைக்காத இடத்தில், இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருந்து புகை வந்தது. பழைய டைல்ஸுக்கும் புது ஷீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் நெருப்பு ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தது.

முருகையன் மேலே ஓடினார். அந்தச் சாது மனிதர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. முதலில் இறங்கி வந்தவர்கள் ஏதோ வாணவேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். படிக்குள் புகுந்த புகை, தனம் நெம்பித் திறந்த பொத்தல்கள் வழியாக வெளியே கொட்டியது. தீயணைப்பு வண்டி தெருமுனையிலேயே நின்றிருந்தும், அத்தனை ஜனத்தைப் பிளந்துகொண்டு வர நேரம் பிடித்தது. அதற்குள் முகப்பு முழுவதும் பற்றி, எரிகிற துளிகள் படியில் சொட்டின. கடைசியாக முருகையன் ஒரு நெல்லூர்க் கிழவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். முருகையனின் வலக்கைத் தோல் உரிந்திருந்தது. தனம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள்.

இளஞ்செழியனின் மனைவி அன்புச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, நம்ம லாட்ஜு மட்டும் இருட்டா கெடக்குதேன்னு மனசு கேக்கல. ஒரே ஒரு வெளக்குதான் வெச்சேன். வெக்கக்கூடாதுன்னு இவரு ஒரு வார்த்த சொல்லலியே."

மனைவியிடம் சொல்ல வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். அந்த வெட்கம்தான் லாட்ஜை எரித்தது.

மறுநாள் சாயங்காலம். கறுத்த சுவரில் பிரேம் கம்பிகள் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றன. உள்ளே அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்ட பழைய டைல்ஸ், சூட்டில் வெடித்து ஒவ்வொன்றாக இன்னும் விழுந்துகொண்டிருந்தது. இளஞ்செழியன் பக்கத்துக் கட்டடத்தின் படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தனம் அவன் முன்னால் போய் நின்றாள். திட்டத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்தான்.

"இந்தத் தெருவுல மத்ததுக்கெல்லாம் இன்னா ஷீட்டுடா போட்ட?"

அவன் தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தான். நீலம், சிவப்பு, வெள்ளி, மறுபடியும் நீலம். தீபத்துக்கு மறுநாளும் விளக்கு வைக்கிற வழக்கம் உண்டு. எதிர் லாட்ஜின் முதல் மாடியில் ஒரு பெண், தாம்பாளம் நிறைய அகல்களோடு ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வாடா. நீ வாயால சொன்னாத்தான் நம்புவாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. தனம் செருப்பைக்கூடத் தேடாமல், அந்தப் பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டபடியே தெருவைக் கடந்தாள். பொழுது இருட்டிக்கொண்டு வந்தது.