மஞ்சளுக்குக் கலையாத மை

செய்தி வந்தபோது நான் பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். சுந்தரவல்லியின் கணவர்தான் பேசினார். "டீச்சர், வல்லி போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான்..." போனை வைத்துவிட்டுப் பாட்டிலில் மிச்சமிருந்த மையையும் ஊற்றி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கருத்த விரல்களோடுதான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் ஓவிய டீச்சர். எனக்கு அழைப்பிதழ்க் கூட்டாளி. கடைசிவரை ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். பள்ளியை விட்டு நின்றபிறகு எனக்கிருந்த ஒரே வேலை இதுதான். கொடியும் மயிலும் அவள் வரைந்து தருவாள். நான் கம்ப்யூட்டரில் எழுத்துச் சேர்த்து, என் வீட்டு மெஷினில் தடித்த அட்டையில் எடுத்துக் கொடுப்பேன்.

பிரிண்டர் வாங்கப் போன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைக்காரர் விலையையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் கைப்பையிலிருந்து அட்டையை உருவி, "இதப் போட்டு எடுத்துக் காட்டுங்க, பொறவு பேசுவோம்" என்றாள். கீழ்த்தட்டிலிருந்து தாளை இழுத்துச் சுருட்டி மேலே அனுப்பும் மெஷின் அது. அட்டை பாதியில் மடங்கிச் சிக்கிக்கொண்டது. "இது அட்டையக் குட்டிக்கரணம் போட வைக்குது. பின்னாடியிருந்து நேரா முழுங்குற மெஷினு இருக்கா?" கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்தார்.

மையில்தான் ஏமாந்தோம். எல்லா மையும் ஒன்றுதான் என்று யாரோ சொன்னதை நம்பி, மலிவான பாட்டில் வாங்கி ஊற்றினோம். அட்டை பளபளவென்று வந்தது. தேவதானத்துக் கல்யாண வீட்டில் நல்ல நேரம் பார்த்து, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவியிருக்கிறார்கள். கொடியெல்லாம் கரைந்து ஓடி, மாப்பிள்ளை பெயர்வரைக்கும் நீலம் பரவிவிட்டது. பெண்ணின் அம்மா அட்டைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தண்ணீருக்குக் கலைகிற மை அது. அழைப்பிதழ் அடிக்க வந்த நாங்கள் மஞ்சளை மறந்துபோனோம். வல்லி வேறு மை வாங்கிவந்து, உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப எடுக்க வைத்தாள்.

அன்றிலிருந்து பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் டப்பா. எந்த மை வாங்கினாலும் ஒரு அட்டை எடுத்து, காயவிட்டு, மஞ்சளைக் குழைத்துத் தேய்ப்பாள். "கடைக்காரரு சொல்றது இருக்கட்டும் டீச்சர், மஞ்சள் என்ன சொல்லுதுன்னு பாப்போம்." கடைசியில் எங்கள் மெஷினுக்கு ஒத்துப்போகிற, தண்ணீருக்குக் கலையாத பிக்மென்ட் மை ஒன்று அகப்பட்டது. பளபளப்பு கொஞ்சம் மட்டு. ஆனால் மஞ்சளுக்கு அசையவில்லை.

கல்யாண அட்டை அடிக்கிற மெஷினில் சாவுக்கு அடிக்கக்கூடாது என்பது வருகிறவர்களின் எண்ணம். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றாலும் கட்டுப்பட்டோம். அவளுடைய அம்மா இறந்தபோதும் வெளியில்தான் கொடுத்து அடித்தாள். மை ஈஷி, முகம் தெரியாமல் வந்தது படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊரு கல்யாணத்துக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். எங்கம்மாவுக்கு ஒரு நல்ல அட்டை அடிச்சிருக்கலாம்" என்றாள்.

அதனால்தான் அவளுடைய கருமாதி அட்டையை நம் மெஷினிலேயே எடுக்கிறேன் என்றேன். அவள் கணவர் தயங்கினார். "ஆர்டர் வராம போயிரும் டீச்சர். பொறவு நீங்க என்ன செய்வீங்க?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இருந்தும் எடுத்தேன். அவள் வரைந்த கொடியையே ஓரத்தில் போட்டேன்.

பயந்தபடியே ஆயிற்று. மகள் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த தளவாய்புரத்து அம்மா வந்தார். "அவிய கருமாதிக் கார்டும் இதுலதான் அடிச்சீங்களா?" இல்லையென்று சொல்லியிருந்தால் ஆர்டர் கைவிட்டுப் போயிருக்காது. வல்லியை வைத்துப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பொண்ணு காரியம், மனசு ஒப்பல." எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு வேறு யாரும் வரவில்லை.

"வேலை இல்லாட்டியும் வாரத்துக்கு ஒரு பக்கம் எடுத்துருங்க. இல்லைன்னா மை காஞ்சு அடைச்சுக்கும்" என்பாள் வல்லி. யாருக்காக எடுப்பது என்று அலுத்துப்போய் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தேன். போன சனிக்கிழமை பாத்திரம் கழுவிய கையோடு போய், மிச்சமிருந்த அவளுடைய கருமாதி அட்டை ஒன்றைத் தொட்டு எடுத்துவிட்டேன். ஈரவிரல் அவள் பெயரின்மேல் பட்டது. பதறி முந்தானையால் ஒற்றினேன். எழுத்து அப்படியே இருந்தது. அவள் பொறுக்கி எடுத்த மை.

துணியை விலக்கி மெஷினைப் போட்டேன். செத்த நேரம் இரைந்துவிட்டு ஒரு பக்கம் வந்தது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மஞ்சள் டப்பாவும், கலையாத அந்தப் பெயரும், சனிக்கிழமைதோறும் எடுக்கவேண்டிய இந்த ஒரு பக்கமும்தான்.