பாட்டுச் சூட்டுல தேச்ச சட்டை

புறங்கைய ஆம்ப்ளிஃபயர் முதுகுல வெச்சு, கண்ண மூடி அஞ்சு எண்ணுவாரு உஸ்தா பயூமி. காய்ச்சக்காரப் புள்ளையத் தொட்டுப் பாக்குற மாதிரியே இருக்கும். அப்புறம் ஒரே ஒரு சொல்லு: "இன்னும் பச்சைதான்." ஒரு நாள் முழுக்க நிக்காம ஓடி, தன் சூட்டுலயே ஊறினாத்தான் அவருக்கு அது பழுத்த ஆம்ப். அதுக்கப்புறம்தான் விசேஷ வீட்டுக்குக் குடுப்பாரு.

எங்க இம்பாபாப் பேட்டையில தொழில் தேர்ந்தவர உஸ்தான்னுதான் கூப்பிடுவோம். அவர் ஆம்ப் பட்டறைக்கும் என் இஸ்திரிக் கடைக்கும் ஒரே சுவருதான். அவர் சட்டைப் பையில பேனா இருக்காது, டெஸ்டர்தான் இருக்கும். டீயில நாலு கரண்டி சக்கரையப் போட்டு அதாலயே கலக்குவாரு. "கரண்ட் பாத்த கம்பி ஹாஜி, கிருமி கிட்டவே வராது." நான் ஹஜ்ஜுக்குப் போனதே இல்ல. நரைச்சவன் எல்லாம் அவருக்கு ஹாஜிதான்.

முன்னெல்லாம் செஞ்ச சூட்டோட ஆம்ப குடுத்துடுவாரு. கூடப்பொறந்த தங்கச்சி மக கல்யாணத்துல ரெண்டு மணி நேரம் பாடின ஆம்ப் மூணாவது மணில ஊமையாயிடுச்சு. பொண்ணு ஆடிக்கிட்டிருந்தா, தூக்குன கை தூக்குனபடியே நின்னுச்சு. தங்கச்சி இன்னும் அவர்கிட்ட பேசுறதில்ல.

இந்தத் தடவ ஆம்ப் எனக்கு. எனக்குப் பேரன் பொறந்திருக்கான்! என் மக நஜ்வாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சு! கைல வாங்கிப் பாத்தேன், என் மூக்கு அப்படியே இருக்கு. சனிக்கெழம சாயங்காலம் ஏழாம் நாள் விசேஷம். எங்க வழக்கத்துல அன்னிக்குப் பித்தள உரல புள்ள காதுகிட்டயே இடிப்போம், தெருவே அதிர பாட்டு வெப்போம், புள்ள உலகத்துச் சத்தத்துக்குப் பயப்படக் கூடாதுன்னு. அதுவரைக்கும் குண்டூசி விழுந்தாலும் நஜ்வா புலியாச் சீறுவா.

"உஸ்தா! ஸ்பீக்கர் போட்டீங்க, இறங்கி வந்து ஒயர அறுத்துப்புடுவேன்!" மாடியில இருந்து கத்துறா.

"ஸ்பீக்கரே கிடையாதும்மா. நீ கத்துறதுதான் புள்ளைய எழுப்பும்."

நெசமாவே ஸ்பீக்கர் இல்ல. பழைய கரண்ட் அடுப்புச் சுருள்ல ஆறுல ஒரு பங்கு வெட்டி, பெயிண்ட் வாளித் தண்ணியில முக்கி, ஸ்பீக்கருக்குப் போற ஒயர அதுல மாட்டிட்டாரு. "ஸ்பீக்கருக்குப் போனா பாட்டு சத்தமாகும். இதுக்குப் போனா சூடாகும். ஆம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஹாஜி, அது பாட்டுக்கு ஒழைக்கும்." உள்ள தபலா, குலவ, எல்லாம் ஓடுது. வெளிய தண்ணியில ஆவி மட்டும் வருது. பாக்கப் பாக்க எனக்குச் சிரிப்புத் தாங்கல.

வியாழக்கிழம சாயங்காலம் ஓட விட்டது. வெள்ளிக்கிழம மத்தியானம் அவர் ஜும்மாவுக்குக் கிளம்புனாரு. எனக்கு முட்டிவலி. "வாளியப் பாத்துக்க ஹாஜி"ன்னாரு.

நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். என் பேரன் துணி ஒரு கூடை நெறைய அலசாமக் கிடக்கு, இங்க நல்ல வெந்நி வீணாப் போகுது. நாலு செம்பு மொண்டேன். விரல்ல எறும்பு கடிச்சாப்ல சுருக்குன்னுச்சு, சூடுன்னு நெனச்சேன். துணிய அலசி நிமிந்தா, சுருள் பாதி வெளிய நீட்டிக்கிட்டு நெருப்பாச் செவந்திருக்கு! பட்டுனு அறுந்து மேல் துண்டு கீழ்த்துண்டு மேலயே விழுந்துச்சு. ஷார்ட்டாகி ஆம்ப் ஒரு கமறல் போட்டு அணைஞ்சுது.

உஸ்தா வந்தாரு. வாளியப் பாத்தாரு, கொடியில ஆடுற துணியப் பாத்தாரு.

"ஹாஜி, பாத்துக்கச் சொன்னா மொண்டுக்கவா சொன்னேன்?"

"பேரன் துணி உஸ்தா..."

"பதினெட்டு மணி நேரத்த உன் பேரன் மூத்திரத்தோட சேத்து அலசிட்டியேய்யா!"

திறந்து ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தாரு. ஃப்யூஸ் மட்டும்தான் போயிருக்கு. ஆனா கணக்கு முதல்ல இருந்து தொடங்கணும். மீதிச் சுருள ஒரு அடுப்பு ரிப்பேருக்குக் குடுத்துட்டாரு, புதுசு வாங்க வெள்ளிக்கிழம கடை கிடையாது. முக்காலில உக்காந்துட்டாரு. "பச்சை ஆம்பக் குடுக்க மாட்டேன். உரல் மட்டும் இடிச்சுக்குங்க."

அறுந்த துண்டப் பாத்துக்கிட்டே எனக்குத் திடீர்னு தோணுச்சு. "உஸ்தா, ஒரு அடுப்புச் சுருளும் என் இஸ்திரிப் பெட்டிச் சுருளும் ஒரே சக்திதான?"

"ஏறக்குறைய."

"ஆறுல ஒரு பங்கு வெட்டுறதுக்குப் பதிலா ஆறு பெட்டிய பக்கம் பக்கமா மாட்டி, கரண்ட் ஆறு வழியாப் பிரிஞ்சு போனா?"

என்னையே பாத்தாரு. "ஹாஜி... நீ எத்தனாவது படிச்ச?"

"மூணாவது பாதி."

"மீதியப் படிச்சிருந்தா எனக்குப் பொழப்பே இருந்திருக்காது!"

பரண்ல பழைய பெட்டி ஆறு கிடந்துச்சு, தானா அணையுற குமிழ் இல்லாத காலத்துது. ஃப்யூஸ மாத்தி, ஆறையும் அப்படியே பக்கம் பக்கமா மாட்டி ரெண்டு மணிக்கு ஓட விட்டாரு. ஆறும் ஒருசேரச் சூடாச்சு. நான் விடுவேனா? பேரனோட ஏழாம் நாள் வெள்ளச் சட்ட, என் உள்ளங்கை அகலந்தான் இருக்கும், அத விரிச்சு ஒரு பெட்டிய எடுத்து இழுத்தேன். சுருக்கமே இல்ல! கல்யாணப் பாட்டுச் சூட்டுல சட்ட தேச்ச தாத்தா இந்த ஊர்ல வேற எவன்?

சனிக்கெழம ரெண்டு மணிக்கு ஆம்ப் முதுகத் தொட்டு "பழுத்துருச்சு"ன்னாரு. ஆனா மூஞ்சியில சிரிப்பு இல்ல.

சாயங்காலம் தெரு நெறஞ்சுது. பேரன சல்லடையில வெச்சு ஆட்டுனோம், உரல் இடிச்சோம், ஸ்பீக்கர் அலறுச்சு, அவன் கொட்டாவி விட்டான்! பொம்பளைங்க பாதாம்பருப்பும் நெய்யும் போட்டுக் காய்ச்சுன பானகத்தச் சூடா எல்லாருக்கும் குடுத்தாங்க. உஸ்தா கைலயும் ஒரு டம்ளர். மனுசன் ஆம்ப் பக்கத்துல அத ஏந்திக்கிட்டே நிக்கிறாரு, குடிக்கல. "ஆறுது உஸ்தா"ன்னு நஜ்வா சொன்னா. காதுலயே ஏறல. ஒரு மணி ஆச்சு, ரெண்டு ஆச்சு. நெய் மேல ஆடையாப் படிஞ்சுது. மூணாவது மணியும் முடிஞ்சு அடுத்த பாட்டு தடதடன்னு தொடங்குச்சு.

ஆறிப்போன பானகத்த ஆடையோட ஒரே மடக்குல குடிச்சுட்டு, மீசையத் தொடச்சு, காலி டம்ளர நஜ்வாகிட்ட நீட்டுனாரு, இன்னொண்ணு ஊத்தச் சொல்லி.