அடையாறில் காணாமல் போன அரக்குப் பட்டு

போன செவ்வாய்க்கிழமை என் தி.நகர் ஜவுளிக்கடையில் நடந்த கூத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உங்களுக்குத்தான் தெரியுமே. தோளில் மூட்டை சுமந்து துணி விற்ற அந்த ஆளுக்கு இன்று சொந்தமாக வெப்சைட் இருக்கிறது. போதாததற்கு, அடையாறில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கடையையும் சரக்கோடு வாங்கிப் போட்டேன்.

அங்கேதான் சிக்கல். சரக்கு விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ் தி.நகரில் ஒரு வகை, அடையாறில் வேறு வகை. இரண்டிலும் ஒரே வெப்சைட் தேட வேண்டும். அதற்கான ப்ரோகிராமை, தரமணியிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பொண்ணு நித்யா எழுதிக் கொடுத்தார். "அடையாறுலயும் டெஸ்ட் பண்ணிட்டுத் திறக்கலாம் அண்ணாச்சி" என்றார். நான் கேட்பேனா? "இங்க ஓடுறது அங்க ஓடாதாம்மா?" என்று திறந்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து மயிலாப்பூர் மாமி வந்தார். நெடுநாள் வாடிக்கை. மகள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு வேண்டும். "ரெண்டு கடை சரக்கையும் உக்காந்த இடத்துலயே பாருங்க" என்று டேப்லட்டை நீட்டினேன்.

மாமி இங்கிலீஷ் எழுத்தில் 'அரக்கு' என்று தட்டினார் — எல்லாம் ஸ்மால் லெட்டரில். தி.நகர் புடவைகள் வந்தன, பிடிக்கவில்லை. அடையாறு? ஒன்றுமே இல்லை என்றது.

முந்தின நாள் அடையாறில் என் கையால் அடுக்கிய அரக்குப் புடவை... எங்கே போகும்? அடையாறு சேல்ஸ்மேன் குமாருக்கு போன் போட்டேன்.

"இன்னா மொதலாளி, என் கண்ணு முன்னாடியே கீது."

மாமி எழுந்துவிட்டார். "நீங்க இருக்குங்கறேள், ஒங்க மெஷின் இல்லேங்கறது. யாரை நம்பறது? எதிர்க்கடையில பார்த்துண்டு வந்துடறேன்."

எதிர்க்கடைக்குப் போன மாமி திரும்பி வருவாரா? ஃபில்டர் காபி சொல்லி உட்கார வைத்துவிட்டு, மாடிக்கு ஓடி, அங்கே வேலையாயிருந்த நித்யாவைக் கூட்டிவந்தேன்.

பார்த்ததும் சிரித்தார். "அண்ணாச்சி, அடையாறுல பேரெல்லாம் கேப்பிடல் லெட்டர்ல டைப் பண்ணியிருக்காங்க. தி.நகர் டேட்டாபேஸ் ஸ்மால், கேப்பிடல் வித்தியாசம் பார்க்காது. அடையாறுல இருக்கறது பார்க்கும்."

தேடும் சொல்லையும் புடவைப் பெயரையும் ஸ்மால் லெட்டராக்கி, அப்புறம் ஒப்பிடும்படி ப்ரோகிராமை மாற்றினார். இனி எந்த டேட்டாபேஸின் குணமும் நமக்குக் கவலை இல்லையாம். மாமி டம்ளரைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் டேப்லட்டில்... ஜரிகையோடு ஜம்மென்று வந்து நின்றது அரக்குப் பட்டு!

"இதைத்தானே தேடிண்டிருந்தேன்" என்றார் மாமி. எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். தி.நகர் ஆட்களுக்கு நான் கண் ஜாடை காட்டினால் போதும், எந்த அலமாரி என்று தெரியும். அதையே அடையாறில் காட்டினால், "கண்ல தூசியா மொதலாளி?" என்கிறான் குமார். ஓர் இடத்துப் பழக்கம் இன்னோர் இடத்துக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லிவிட்டால் இரண்டு இடத்திலும் வேலை நடக்கும். மனுஷனுக்கும் அதுதான், மெஷினுக்கும் அதுதான்.

அடுத்து வேளச்சேரியில் ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறேன். விலை பேசுவதற்கு முன்னால் நித்யாவை அனுப்பப் போகிறேன் — அங்கே என்ன டேட்டாபேஸ் என்று பார்த்துவர.