டிஃப்யூசர் பலகையும் மாடி வத்தலும்

ஹோம் தியேட்டர் அறையில் சத்தத்தைச் சிதறவிடும் டிஃப்யூசர் பலகை மாட்ட வேண்டும். இன்று கடைக்காரத் தம்பி இரண்டு மாதிரிகளோடு வீட்டுக்கு வந்தார்.

கதவைச் சாத்திவிட்டு ஒரு மழைக்காட்சியை ஓடவிட்டோம். முதல் பலகை சுமார்தான். இரண்டாவதை வைத்துப் பார்க்கையில் தலைக்கு மேலேயே கொட்டியது.

"நெசமாவே மாடில பெய்யுத மாரி இருக்கு அண்ணாச்சி" என்றார்.

இதையே போட்டுவிடலாம் என்று சொல்லிப் படத்தை நிறுத்தினேன்.

மழை நிற்கவில்லை.

மாடிக்கு ஓடினேன். நாகலாபுரத்திலிருந்து மாமனார் கொடுத்தனுப்பிய மிளகாய் வத்தல், ஒரு வருடக் குழம்புக்கானது, காயப்போட்ட இடத்திலேயே மொத்தமும் நனைந்து கிடந்தது. சொட்டச் சொட்ட அள்ளிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே கேட்டாள்:

"எத்தன தடவ கதவத் தட்டினேன். அதுவும் படத்துலன்னு நெனச்சியளோ?"

நானும் குனிந்து அள்ளத் தொடங்கினேன்.

நனைந்த வத்தலைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் படத்துக்கு உங்களைக் கூப்பிடுகிறேன். என் பக்கத்து இருக்கை காலிதான்.