விட்டுக்கொடுத்த தரையிறக்கம்

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போகும் ஆணுக்குக் கொல்கத்தாவில் தனி மரியாதை. பன்னிரண்டு வருஷமாக இந்த நியூ டவுன் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். அந்த மரியாதை எனக்குக் கிடைப்பது சில மாதமாகத்தான். முன்பு விமானக் கேப்டனாக, தோளில் நான்கு பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு லிஃப்டுக்குள் நுழைந்தால் ஒதுங்கி இடம் கொடுப்பார்கள், பேச மாட்டார்கள். இப்போது அரைக்கால் சட்டையும் நைலான் பையுமாக நுழைகிறேன். ஐந்தாவது மாடி மித்ரா-தா பைக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறார். என்ன மீன், எத்தனை கிராம், வயிற்றில் முட்டை இருந்ததா என்று விசாரணை. இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் 'தா', அதாவது அண்ணன். மித்ரா-தா அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என் தோளைத் தட்டி, "எத்தோதினே பாங்காலி ஹோலேன்" என்றார். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் வங்காளி ஆனீர்கள் என்று அர்த்தம். வேலை போனவனுக்கு வாழ்த்துச் சொல்கிறார் மனுஷர்!

தெரியாமல் சொன்னார் என்று நினைக்காதீர்கள். எங்கள் கம்பெனியின் விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போன செய்தி பேப்பரிலேயே வந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். எங்கள் தூத்துக்குடியாக இருந்தால் எதிரே வருகிறவன் நேராகவே கேட்டிருப்பான், வேலை போயிட்டாமே என்று. கேட்டுவிட்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பான், நமக்கும் எரிச்சலோடு முடிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. மித்ரா-தா என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, விமானிகள் எல்லாரும் சேர்ந்து ஏன் ஊர்வலம் போகவில்லை என்று ஒன்றரை மணி நேரம் கேட்டார். கோஷம்கூட எழுதிக் கொடுத்தார். நாங்கள் ஊர்வலம் போனால் விமானம் திரும்பி வராது மித்ரா-தா என்றேன். வராதுதான், ஆனால் மனசு ஆறும் என்றார். என் மனசு ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் கொதித்தது.

வேலை போனது என்று எழுதுகிறேனே, அதுவும் சரியில்லை. கம்பெனி எங்களை நீக்கவில்லை. சம்பளமில்லாத விடுப்பில் வைத்திருக்கிறது. இருக்கிறோமா, இல்லையா என்று அதற்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. விடுவிப்புக் கடிதம் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். நாற்பத்து நான்கு வயதில், பதினேழு வருஷம் பறந்தவனுக்கு, அப்பா தூத்துக்குடியிலிருந்து போன் போட்டு, "ஏல, அங்க யாருமில்லாம கெடந்து எதுக்கு அல்லாடுத? வந்துரு" என்கிறார். அங்கே வந்து என்ன செய்ய? அங்கேயும் எனக்கு விமானம் நிறுத்தி வைத்திருக்கவில்லை. என் மனைவி புவனாவுக்கு இங்கே வங்கியில் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு. என்னோடு சண்டை போடும்போதே பாதியில் வங்காளத்துக்குத் தாவிவிடுகிறாள். யாருமில்லாமல் கிடப்பது நான் மட்டும்தான் போலிருக்கிறது.

ஆகவே என்னைப் போன்ற எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். வெளிநாட்டு ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். வியட்நாமில் ஒரு விமானக் கம்பெனிக்கு, நான் ஓட்டிய அதே வகை விமானத்துக்கு, கேப்டன்களும் துணை விமானிகளும் தேவை. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரப் பெண் அயர்லாந்திலிருந்து வீடியோவில் பேசினாள். நான் எதைச் சொன்னாலும் 'அற்புதம்' என்றாள். பதினேழு வருஷம், அற்புதம். கொல்கத்தா, அற்புதம். கம்பெனி படுத்துவிட்டது, அற்புதம். அவள் அத்தனை அற்புதம் சொன்னதில் வேலை கிடைத்தே விட்டது என்று நினைத்துப் புவனாவிடம் பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். மறுநாள் மின்னஞ்சலில், என்னென்ன காட்ட வேண்டும் என்ற பட்டியல் வந்தது. அதில் ஆறாவது வரியில் மாட்டிக்கொண்டேன்.

விமானிகளுக்கு ஒரு விதி உண்டு. எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் சரி, கடந்த தொண்ணூறு நாளுக்குள் மூன்று முறையாவது விமானத்தைத் தன் கையால் ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கை மறந்துவிட்டது என்று கணக்கு. சாதாரண நாளில் சிமுலேட்டர் என்ற போலி விமான அறையில் உட்கார்ந்து சரி செய்துகொள்ளலாம். ஆனால் ஊர் முழுக்க வேலையில்லாத விமானிகள் இருக்கும்போது வியட்நாம்காரன் ஏன் சலுகை தர வேண்டும்? நிஜ விமானம்தான் வேண்டும், லாக்புக் என்ற பறந்த கணக்குப் புத்தகத்தின் அத்தாட்சி பெற்ற பக்கம் வேண்டும், இரண்டு வாரத்துக்குள் வேண்டும் என்றுவிட்டார்கள். என் லாக்புக்கைத் திறந்தேன். ஏற்றியது கணக்காக மூன்று இருந்தது. இறக்கியது இரண்டு.

மூன்றாவது எங்கே போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கம்பெனியின் கடைசி நாள்களில் ஒரு மத்தியானம், குவாஹாத்தியிலிருந்து கொல்கத்தா. என் பக்கத்தில் அரிந்தம் என்ற வங்காளப் பையன், துணை விமானி, வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். விமானத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டுவார். மற்றவர் ரேடியோவும் கண்காணிப்பும். யார் இறக்குவது என்பது கேப்டனின் விருப்பம். அன்று என் முறை. நான்தான் குவாஹாத்தியில் ஏற்றினேன். பிரம்மபுத்திராவைத் தாண்டியதும், இந்த லேண்டிங்கை நீ வைத்துக்கொள் என்று அவனிடம் கொடுத்தேன். அவன் ஆடிப்போனான். நான் துணை விமானியாக இருந்த காலத்தில் ஒரு கேப்டன் இருந்தார். ஏழு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஒரு லேண்டிங்கூடத் தரவில்லை. கேட்டால், சாப்பாட்டு டிரேயை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பார். அவரைப் போல ஆகக்கூடாது என்ற வைராக்கியத்தில் நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். எங்கள் கொல்கத்தா விமானிகளிடையே எனக்கு நல்ல பெயர். நல்ல பெயரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கலாம்.

அந்தப் பயணத்தின் லாக்புக் பதிவு இன்னும் அத்தாட்சி ஆகவில்லை. அலுவலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஆள். நாங்கள் என்ன எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவார். யார் இறக்கியது என்பதற்கு நானும் அரிந்தமும் மட்டுமே சாட்சி. ஆனால் ஒரு லேண்டிங்கை இருவர் எழுத முடியாது. அரிந்தமும் அதே வியட்நாம் கம்பெனிக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறான், அவனுக்கும் மூன்றாவது அதுதான் என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் பார்த்தேன். புவனாவிடம் சொன்னேன். அவள் அரிந்தமைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அது உங்க முறைதானே? நீங்களா பாவம் பார்த்துக் கொடுத்ததுதானே? அவனுக்கு இருபத்தாறு வயசு, இன்னும் நூறு வேலை வரும். ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றாள். எனக்கும் அதுவேதான் தோன்றியது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாள் மனசுக்குள் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு பவானிபூருக்குப் போனேன்.

அங்கே பழைய மூன்று மாடி வீட்டின் நடு மாடியில் அரிந்தமும் அவன் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா இல்லை. வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்ததுதான் நான் செய்த தப்பு. அந்த அம்மாள் நான் எதற்கு வருகிறேன் என்பதைத் தானாகவே முடிவு செய்து வைத்திருந்தார். வெளிநாடு போகப்போகிற பிள்ளையை ஆசீர்வதிக்கக் கேப்டன் சாஹேப் வருகிறார்! தட்டு நிறைய லூச்சி என்கிற வெள்ளைப் பூரி, உருளைக்கிழங்கு, இரண்டு வகை இனிப்பு. வேண்டாம் என்று கையை நீட்டி மறைத்தேன். இங்கே அப்படி மறைத்தால் இன்னும் இரண்டு போடு என்று அர்த்தம் போலிருக்கிறது. அக்கம்பக்கத்தில் இரண்டு பெண்களை வேறு கூப்பிட்டு, இவர்தான், கடைசி நாளில் தன்னுடைய லேண்டிங்கைப் பிள்ளைக்குக் கொடுத்தவர், என்று காட்டினார். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். ஒத்திகை பார்த்த வசனம் லூச்சியோடு தொண்டைக்குள் போய்விட்டது. எனக்கு அந்த அம்மாள் மேல்தான் ஆத்திரமாக வந்தது. ஏன் இப்படி நல்லவளாக இருந்து தொலைக்கிறாள் என்று.

மெட்ரோ வரைக்கும் அரிந்தம் கூட வந்தான்.  பாதித் தூரத்தில் இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த லேண்டிங்கை உங்க பேர்ல போட்டுக்குங்க. என் லாக்புக் பக்கத்தை நான் இன்னும் அனுப்பலை."

சரி என்று சொல்ல வாய் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் அந்த மத்தியானம் ஓடுபாதையில் வலது பக்கமிருந்து காற்று அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவன் விமானத்தின் மூக்கைத் திருப்பிப் பிடித்து, கடைசி நொடியில் நேராக்கி, பூப்போல வைத்தான். நான் பாராட்டினேன். அதை நான் செய்ததாக எப்படி எழுதுவது? லாக்புக்கில் பொய் எழுதினவன் பக்கத்தில் உட்கார எனக்கே பயமாக இருக்கும்.

"இறக்கினது நீ. நான் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்கே அனுப்பு" என்றேன். எரிந்து விழுந்துதான் சொன்னேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவன் எனக்குத் தராமலே இருந்திருந்தால் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். கொடுக்கிறேன் என்று சொல்லி அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். வீட்டுக்கு வந்து சொன்னபோது புவனா தேடி எடுத்த பாஸ்போர்ட்டைப் பழையபடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். 

இரண்டு லேண்டிங்கோடு என் பக்கத்தை அனுப்பினேன். அயர்லாந்துப் பெண் இந்தத் தடவை அற்புதம் என்று எழுதவில்லை. என் விவரங்களைக் கோப்பில் வைத்திருப்பார்களாம். நான் ஏற்கெனவே ஒரு கோப்பில்தான் இருக்கிறேன் அம்மா, இன்னொன்று எதற்கு என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அரிந்தமுக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதமே புறப்பாடு.

வழியனுப்ப வர வேண்டும் என்று அவன் அம்மா என்னிடமே போன் பண்ணிக் கேட்டார். போகாமல் இருக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை; வேலையில்லாதவனுக்கு என்ன சாக்கு? பன்னிரண்டு வருஷம் உள்ளே போன விமான நிலையத்தின் வாசலில், வெளியே நின்றேன். காவலுக்கு நின்ற ஜவான் என்னை அடையாளம் கண்டு சல்யூட் வைத்து வழிவிட்டான். நான் போகலை என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. அரிந்தம் கையில் தொங்கவிடும் எடைக்கருவி வைத்திருந்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் நான்கு கிலோ அதிகம். அம்மாவும் பிள்ளையும் சண்டை போட ஆரம்பித்தார்கள். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேப்டன் முடிவு செய்யட்டும் என்றான் அவன்.

நடைபாதையிலேயே பெட்டியைத் திறந்து வைத்து நான் முடிவு செய்தேன். பல மாதம் கழித்து ஒருவன் என் சொல்லுக்குக் காத்திருந்தான். அந்தக் கேடுகெட்ட சந்தோஷத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கோபிந்தபோக் அரிசி வேண்டாம். காசுந்தி என்கிற கடுகு ஊறல், இரண்டு பாட்டில், வேண்டாம். பனைவெல்லம், முரி எனப்படும் பொரி, வேண்டாம். நான் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க எடுக்க அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. பெட்டி லேசாயிற்று. அரிந்தம் என் காலைத் தொடக் குனிந்தான். நம் ஊரில் போய்ட்டு வரேன் என்போமே, அதே மாதிரி 'ஆஷி' என்றான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அந்த அம்மாள் அழவில்லை. கீழே கிடந்ததை எல்லாம் ஒரு பைக்குள் அடுக்கினார். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தார். "நீங்க வச்சுக்குங்க. நீங்களும் வீட்டை விட்டு வெளியூர்ல இருக்கிற பிள்ளைதானே" என்றார் வங்காளத்தில். நான் பன்னிரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லவந்தேன். எதற்காகச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்ஸியில் மடியில் நான்கு கிலோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் பையைப் பார்த்துவிட்டு, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் கழித்து வீட்டுக்கு என்று ஆசையாகக் கேட்டார். நான் எங்கேயும் போகவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியில் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாக எந்த விமானம், எந்த ஊருக்கு என்று ஜன்னல் வழியாகப் பார்த்தே சொல்லிவிடுவேன். அன்று குனிந்து பார்க்கவில்லை. பையில் ஒரு பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது; கடுகின் காரம் வண்டி முழுக்க ஏறி, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டு ஞாபகம் வந்தால் சாப்பிடுவதற்காக அந்த அம்மாள் கட்டிய பை. எந்த வீட்டு ஞாபகம் வரும்போது நான் அதைப் பிரிப்பது என்று தெரியாமல், இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.