எமரால்டு மேடத்துக்கு எடுத்து வைத்தது

திங்கட்கிழமை காலை, தேயிலை ஃபேக்டரி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ‘சலீம் பாய் கம்ப்யூட்டர்’ என்று பெயர் வந்தது. சனிக்கிழமை அவரோடு போட்ட சண்டையின் சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. “சொல்லுங்க பாய், என் பெட்டி வந்துருச்சா?” என்றேன், வெடுக்கென்று. பேசியது அவருடைய தம்பி யூசுப். “அண்ணன் மௌத்தாயிட்டாருங்க அக்கா. சுபுஹு தொழுதுட்டு வந்து நாற்காலில உக்காந்தாரு, அவ்வளவுதான்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சும்மா இரு யூசுப், என்னை இன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு.” நாற்பத்து நான்கு வயது. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அதெப்படிச் சாவார்?

ஊட்டி மார்க்கெட் பக்கம் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னக் கடையில் கால் வைத்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் நான் முதல் தடவை போனதைச் சொல்லியாக வேண்டும். விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று அதற்கு முன்பு மூன்று கடைகளில் கேட்டிருந்தேன். மூன்றிலும் ஒரே கேள்விதான்: “பையன் என்னங்க படிக்கிறான்?” எனக்குப் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. எரிச்சலோடுதான் நான்காவதாக இவர் கடைக்குள் நுழைந்தேன். இவர் நான் கொண்டுபோன பாகங்களின் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மேடம், நீங்க என்ன வெளையாடுவீங்க?” என்றார். அசந்துபோனேன். லாரி ஓட்டுகிற ஆட்டம் என்றேன். கொண்டை ஊசி வளைவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், நேர் ரோட்டில் நூறு மைல் வளையாமல் ஓட்டிப் பார்க்க ஆசை என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நல்ல ஆசைதானுங்க” என்றார்.

வீடியோ பார்த்து நான் எழுதியிருந்த அந்தப் பட்டியலில் பாதியை அன்றே அடித்துவிட்டார். “ஊட்ல மானிட்டர் என்ன அளவுங்க?” என்பது அடுத்த கேள்வி. நான் அதை யோசிக்கவே இல்லை. கையை விரித்து அளவு காட்டினேன். “பாக்கற கண்ணாடி இத்துனூண்டு. அதுக்கு எதுக்குங்க இத்தாம்பெரிய கிராபிக்ஸ் கார்டு? நடுத்தரமா ஒண்ணு போதும். மிச்சத்துல ராம் ரெண்டா போடலாம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். போடலாம்.” கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். எங்கள் ஊர் எமரால்டில் மழைக்காலத்துக் கரண்டு படுத்தும் பாட்டை அவர் ஒவ்வொன்றாக விசாரித்த பிறகுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். “பேருக்கு வாங்காதீங்க மேடம், பழக்கத்துக்கு வாங்குங்க” என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

மதர்போர்டும் பிராசசரும் மலையேறி வந்த அன்று நல்ல மழை. லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். மனிதர் பெட்டியைத் தொடவே விடவில்லை. “குளிர்ல வந்திருக்குதுங்க. கடைச் சூட்டுல இப்பவே தொறந்தா உள்ள வேர்த்துரும். ஒரு நாள் பெட்டிக்குள்ளயே உக்காரட்டும்.” கத்தித் தீர்த்தேன். டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்து என்னை பஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் போனபோது பிராசசரை என் கையில் கொடுத்தார். “ஒடைஞ்சா என்ன பண்றது பாய்?” என்றேன். “ஒடைஞ்சா நான் பாத்துக்கறேனுங்க. உங்க வண்டி, நீங்கதான் பூட்டணும்.” மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள்.

அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டது. கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி. அவரிடம் சொல்லாமல், தள்ளுபடி என்று பார்த்து, அவர் வேண்டாமென்ற பெரிய கார்டையே ஆன்லைனில் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அதைக் காட்டப் போனேன். அவர் திட்டவில்லை. “இந்த எஸ்.எம்.பி.எஸ். இதுக்குத் தாங்காதுங்க. ஓடற மாதிரி ஓடி, ஆட்டம் சூடு புடிக்கையில அணைஞ்சிரும். திங்கக்கிழமை வாங்க, பெரிசா ஒண்ணு எடுத்து வைக்கறேன். அதுவரைக்கும் மாட்டாதீங்க” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. “உங்களுக்கு இன்னொண்ணு விக்கணும், அதானே பாய்?” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த துணியால் மேசையைத் துடைத்தார், “திங்கக்கிழமை வாங்க மேடம்” என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் படியேறி வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து கடை திறந்திருப்பதாகச் சொன்னார்கள், போனேன். யூசுப் மட்டும் உட்கார்ந்திருந்தான். “கடைக் கம்ப்யூட்டரும் அண்ணனோடயே போயிருச்சுங்க அக்கா. பட்டன அமுத்துனா ஒண்ணுமே வரல. வாடிக்கைக்காரங்க கணக்கு பூரா அதுக்குள்ளதான்” என்றான். வந்துபோகும் பெரிய கார்டுகளையெல்லாம் பாய் சோதித்துப் பார்ப்பது அந்தக் கம்ப்யூட்டரில்தான். பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். எஸ்.எம்.பி.எஸ். இருக்க வேண்டிய இடம் காலி. அதிலிருந்து வர வேண்டிய வயர்கள் ஒன்றுகூட இல்லை. திருகாணி நான்கும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

“அலமாரில ஒரு பொட்டலம் இருக்குதுங்க. யாரோ ஆர்டர் குடுத்ததுன்னு நெனச்சேன்” என்றான் யூசுப். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்தேன். உள்ளே அந்த எஸ்.எம்.பி.எஸ்., அதன்மேல் பாயின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ‘எமரால்டு மேடம். புதுசு வர்ற வரைக்கும் இது ஓடட்டும். காசு வேண்டாம், சும்மா.’

அட ஆண்டவா! விற்பதற்கு அவரிடம் பெரியது இருப்பே இல்லை. தன்னுடையதைக் கழற்றி வைத்திருக்கிறார், நான் அப்படிக் கேட்ட பிறகு. அந்தக் கடைத் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். யூசுப் பயந்தே போனான்.

“உங்க பேரு போட்டிருக்குதே, எடுத்துட்டுப் போங்க அக்கா” என்றான். மாட்டேன் என்றேன். அந்தப் பெட்டியை அதன் இடத்திலேயே வைத்து நான்கு திருகாணியையும் முடுக்கி, ஒவ்வொரு வயராகச் செருகி, பட்டனை யூசுப்பையே அமுக்கச் சொன்னேன். விசிறி சுற்றியது.

சீட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெரிய கார்டை விற்றுவிட்டேன் பாய். நீங்கள் முதலில் எழுதிக் கொடுத்த நடுத்தரக் கார்டு நேற்று சாயங்காலம் மழையில் வந்தது. பிரிக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.